1912 அமெரிக்க அதிபர் தேர்தல்: குடியரசுக் கட்சி உடைந்த கதை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் ஒரு பெரிய கட்சிக்குள் பூசல் வெடித்து, யாரோ ஒரு பெருந்தலை தனியாக நிற்கப்போவதாகப் பேச்சு கிளம்பினால் போதும், அரசியல் விமர்சகர்கள் உடனே 1912-ஐ இழுப்பார்கள். "ரூஸ்வெல்ட் வாக்கைப் பிரித்தார், டாஃப்ட் தோற்றார், வில்சன் ஜெயித்தார்" என்று ஒரே வரியில் கதை முடிந்துவிடும். அந்த வரியில் பொய் இல்லை. ஆனால் சண்டையின் மையம் அதில் இல்லை. நவம்பர் மாதத் தேர்தலைவிட ஜூன் மாதக் கட்சி மாநாடுதான் இதில் முக்கியம். இந்தத் தேர்தலைப் பற்றி வழக்கமாக எழும் கேள்விகளையும் அவற்றுக்கான பதில்களையும் கீழே தொகுத்திருக்கிறேன்.

களத்தில் இருந்தவர்கள் யார் யார்?

பதவியில் இருந்த அதிபர் வில்லியம் ஹோவர்ட் டாஃப்ட், குடியரசுக் கட்சி. அவருக்கு முன் அதிபராக இருந்த தியோடர் ரூஸ்வெல்ட், அதே கட்சியிலிருந்து வெளியேறித் தொடங்கிய முற்போக்குக் கட்சி. நியூ ஜெர்சி ஆளுநர் வுட்ரோ வில்சன், ஜனநாயகக் கட்சி. தொழிற்சங்கத் தலைவர் யூஜின் டெப்ஸ், சோஷலிஸ்ட் கட்சி. மதுவிலக்குக் கட்சி போன்ற சிறிய கட்சிகளும் நின்றன. முடிவை அவை மாற்றவில்லை.

இந்த ரூஸ்வெல்ட்தான் இரண்டாம் உலகப் போர்க்காலத்து ரூஸ்வெல்ட்டா?

இல்லை. அவர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட், தூரத்து உறவு. தியோடரின் தம்பி மகளான எலினோரைத்தான் பிராங்க்ளின் மணந்தார். ஆனாலும் 1912-இல் நியூயார்க் மாநில செனட்டராக இருந்த பிராங்க்ளின், உறவு பார்க்காமல் வில்சனுக்குத்தான் வேலை செய்தார்.

டாஃப்டும் ரூஸ்வெல்ட்டும் நண்பர்கள் என்கிறார்களே?

நண்பர்கள் மட்டுமல்ல, டாஃப்டை அதிபராக்கியவரே ரூஸ்வெல்ட்தான். 1901-இல் அதிபர் மெக்கின்லி சுட்டுக் கொல்லப்பட்டதும் துணை அதிபராக இருந்த ரூஸ்வெல்ட் பதவிக்கு வந்தார். 1904-இல் மக்கள் வாக்கில் பெரும் வெற்றி பெற்றார். அன்று இரவே, மறுபடி போட்டியிட மாட்டேன் என்று அறிவித்தார். பிற்பாடு அதை நினைத்து அவர் நொந்துகொண்டதாகச் சொல்வார்கள். வாக்குக் கொடுத்துவிட்டதால் தன் இடத்துக்கு ஒருவரைத் தேட வேண்டியிருந்தது. தன் அமைச்சரவையில் போர்த்துறைச் செயலாளராக இருந்த டாஃப்டைத் தேர்ந்தெடுத்தார். அதற்கு முன் பிலிப்பைன்ஸில் ஆளுநராக இருந்தவர் டாஃப்ட்.

டாஃப்டுக்கோ அதிபர் பதவியில் பெரிய ஆசை கிடையாது. உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி ஆவதுதான் அவருடைய வாழ்நாள் கனவு. அவரைவிட மனைவி ஹெலனுக்குத்தான் வெள்ளை மாளிகை ஆசை அதிகம். 1908-இல் டாஃப்ட் சுலபமாக ஜெயித்தார். ரூஸ்வெல்ட் ஆப்பிரிக்காவுக்கு வேட்டையாடக் கிளம்பிப் போனார். தன் ஆள் தன் வழியிலேயே நடப்பார் என்ற நம்பிக்கையில்தான் போனார்.

பிறகு ஏன் முட்டிக்கொண்டது?

ஒரே நாளில் வந்த விரோதம் இல்லை. குடியரசுக் கட்சிக்குள் ஏற்கெனவே இரண்டு கோஷ்டிகள் இருந்தன. பெருமுதலாளிகளுக்கும் உயர்ந்த இறக்குமதி வரிக்கும் ஆதரவான பழைய கோஷ்டி கிழக்குப் பகுதியில் வலுவாக இருந்தது. நடுமேற்கு, மேற்கு மாநிலங்களைச் சேர்ந்த முற்போக்காளர்கள் வரியைக் குறைக்க வேண்டும், ரயில்வேக் கம்பெனிகளையும் ஏகபோக நிறுவனங்களையும் கட்டுப்படுத்த வேண்டும் என்றார்கள். ரூஸ்வெல்ட் இருந்தவரை இரண்டு பக்கமும் தட்டிக்கொடுத்துச் சமாளித்தார். டாஃப்டுக்கு அந்த சாமர்த்தியம் இல்லை.

1909-இல் வரியைக் குறைப்பதாகக் கிளம்பிய மசோதா, அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸை விட்டு வெளியே வந்தபோது பல பொருள்களுக்கு வரி குறையாமலே வந்தது. அதுதான் பெய்ன்–ஆல்ட்ரிச் சட்டம். கையெழுத்துப் போட்டதோடு டாஃப்ட் நிறுத்தியிருக்கலாம். மின்னசோட்டாவில் வினோனா என்ற ஊருக்குப் போய், குடியரசுக் கட்சி இதுவரை நிறைவேற்றியதிலேயே சிறந்த வரிச் சட்டம் இது என்று பேசினார். அந்தச் சட்டத்தை எதிர்த்து வாக்களித்த முற்போக்காளர்களின் கோட்டையிலேயே நின்று இதைச் சொன்னார்! அந்த ஒரு பேச்சு செய்த சேதத்தை எதிர்க்கட்சி எத்தனை கூட்டம் போட்டாலும் செய்திருக்க முடியாது.

அடுத்தது காடு. வனத்துறைத் தலைவர் கிஃபர்ட் பின்ஷோ ரூஸ்வெல்ட்டின் நெருங்கிய நண்பர். உள்துறைச் செயலாளர் பாலிஞ்சர், அரசு நிலங்களைத் தனியாருக்கு விட்டுக்கொடுக்கிறார் என்று அவர் பகிரங்கமாகக் குற்றம் சாட்டினார். 1910 ஜனவரியில் டாஃப்ட் அவரை வேலையை விட்டு நீக்கினார். ரூஸ்வெல்ட் அப்போது ஆப்பிரிக்காவில். சேதி அங்கேயே அவரை எட்டியது.

அமெரிக்கா திரும்பிய ரூஸ்வெல்ட் கொஞ்ச நாள் வாயைத் திறக்கவில்லை. 1910 ஆகஸ்ட் கடைசியில் கான்சாஸில் ஒஸவாடமி என்ற சிற்றூரில் பேசிய பேச்சில், சொத்துரிமையைவிடப் பொதுநலம் பெரிது, அதைக் காக்க வலுவான மத்திய அரசு வேண்டும் என்றார். பழமைவாதிகளுக்கு வயிற்றைக் கலக்கியது. அந்த ஆண்டு நாடாளுமன்ற இடைக்காலத் தேர்தலில் பிரதிநிதிகள் சபை ஜனநாயகக் கட்சியின் கைக்குப் போனது.

உறவு அறுந்தது 1911 அக்டோபரில் என்று நான் நினைக்கிறேன். டாஃப்டின் அரசு யு.எஸ். ஸ்டீல் நிறுவனத்தின் மேல் ஏகபோகத் தடைச் சட்டப்படி வழக்குப் போட்டது. 1907 நிதி நெருக்கடியின்போது அந்த நிறுவனம் டென்னசி நிலக்கரி, இரும்புக் கம்பெனியை வாங்கியதும் குற்றப் பட்டியலில் இருந்தது. அந்தக் கொள்முதலுக்குத் தலையாட்டியவர் அன்றைய அதிபர் ரூஸ்வெல்ட். "முதலாளிகள் உங்களை ஏமாற்றிவிட்டார்கள்" என்று அரசாங்கமே நீதிமன்றத்தில் எழுதிக்கொடுத்த மாதிரி ஆயிற்று. கொள்கை வேறுபாட்டை ரூஸ்வெல்ட் பொறுத்திருப்பார். இதைப் பொறுக்கவில்லை.

மூன்றாவது முறை போட்டியிட அன்றைக்குச் சட்டத்தில் இடம் இருந்ததா?

இருந்தது. இரண்டு முறைக்கு மேல் தேர்ந்தெடுக்கப்பட முடியாது என்ற 22-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1951-இல்தான் வந்தது. ஆனால் வாஷிங்டன் காலத்திலிருந்து வந்த மரபு அதற்கு எதிராக இருந்தது. தொடர்ந்து மூன்று முறை வேண்டாம் என்றுதான் 1904-இல் சொன்னேன், நடுவில் இடைவெளி விட்டால் பரவாயில்லை என்று ரூஸ்வெல்ட் விளக்கம் கொடுத்தார். எதிரிகள் சிரித்தார்கள்.

டாஃப்டை எதிர்க்க வேறு யாரும் இல்லையா?

விஸ்கான்சின் செனட்டர் ராபர்ட் லா ஃபாலெட் முன்பே களத்தில் இருந்தார். முற்போக்காளர்களின் அமைப்பை 1911 தொடக்கத்தில் உருவாக்கியதும் அவர் தரப்புதான். 1912 பிப்ரவரியில் பிலடெல்பியாவில் பத்திரிகை முதலாளிகளின் விருந்தில் களைப்போடும் குடும்பக் கவலையோடும் எழுந்தவர், சொன்னதையே சொல்லி நெடுநேரம் பேசி, வந்திருந்தவர்களையே திட்டித் தீர்த்தார். மனம் தளர்ந்துபோனார் என்று வதந்தி கிளம்பியது. ரூஸ்வெல்ட்டுக்காகக் காத்திருந்த ஆதரவாளர்களுக்கு அது போதுமான சாக்கு. அதே மாதக் கடைசியில் ரூஸ்வெல்ட் வேட்பாளரானார். லா ஃபாலெட் விலகவும் இல்லை, மன்னிக்கவும் இல்லை. இந்தக் கோபத்தின் விலை ஜூன் மாதத்தில் தெரிந்தது.

பிரைமரி தேர்தலில் ஜெயித்தவர் யார்?

ரூஸ்வெல்ட், சந்தேகமே இல்லாமல். கட்சி வேட்பாளரை வாக்காளர்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் பிரைமரி முறை அதிபர் தேர்தலில் பெரிய அளவில் பயன்பட்டது 1912-இல்தான் முதல் முறை. அப்போதும் பன்னிரண்டு, பதின்மூன்று மாநிலங்களில் மட்டும். அவற்றில் ஒன்பதை ரூஸ்வெல்ட் எடுத்தார். வடக்கு டகோட்டாவும் விஸ்கான்சினும் லா ஃபாலெட்டுக்குப் போயின. டாஃப்டின் சொந்த மாநிலமான ஒஹையோவில் அவரையே ரூஸ்வெல்ட் வீழ்த்தினார்.

பிரசாரத்தில் தரம் கெட்டது. டாஃப்டை மந்தபுத்திக்காரர் என்ற ரீதியில் ரூஸ்வெல்ட் ஏசினார். டாஃப்ட் முதலில் பதில் சொல்லவே தயங்கினார். ஏப்ரல் கடைசியில் மாசசூசெட்ஸில் ஒரு நாள் முழுக்க ஊர் ஊராக ரூஸ்வெல்ட்டைத் தாக்கிப் பேசிவிட்டு ரயில் பெட்டிக்குத் திரும்பினார். உள்ளே போன நிருபர் ஒருவர், அதிபர் தலையைக் கையில் தாங்கி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். "ரூஸ்வெல்ட் எனக்கு உயிர்த்தோழனாக இருந்தார்" என்று சொல்லி டாஃப்ட் அழுதுவிட்டார். மூலையில் மாட்டினால் எலிகூடத் திருப்பிக் கடிக்கும் என்றும் அந்த நாள்களில் அவரே தன்னைப் பற்றிச் சொன்னார். நாட்டின் அதிபர் தன்னைத் தானே எலியோடு ஒப்பிட்டால் எதிரிக்கு வேறென்ன வேண்டும்?

பிரைமரியில் தோற்ற டாஃப்டுக்கு எப்படி வேட்பாளர் இடம் கிடைத்தது?

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான்.

1912 ஜூன் 18-இல் சிகாகோ கொலிசியம் அரங்கில் மாநாடு கூடியது. மொத்தம் 1,078 பிரதிநிதிகள். 540 பேர் கையில் இருந்தால் வேட்பாளர். பிரைமரி நடக்காத பெரும்பாலான மாநிலங்களில் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்தது கட்சி நிர்வாகிகளின் கூட்டங்கள். அந்த நிர்வாகிகளுக்கு வேலை கொடுக்கும் அதிகாரம் பதவியில் இருக்கும் அதிபரிடம். தெற்கு மாநிலங்களில் இது இன்னும் அப்பட்டம். அங்கே குடியரசுக் கட்சி பொதுத் தேர்தலில் ஒரு மாநிலத்தையும் ஜெயிக்க முடியாத நிலை. உள்நாட்டுப் போருக்குப் பின் அது ஜனநாயகக் கட்சியின் கோட்டை. ஆனால் மாநாட்டில் அந்த மாநிலங்களுக்கும் பிரதிநிதிகள் உண்டு. வந்தவர்களில் பலர் தபால் அதிகாரி, வரி அதிகாரி என்று மத்திய அரசின் வேலையில் இருப்பவர்கள். நவம்பரில் ஒரு தேர்வாளர் வாக்கைக்கூட (மாநிலங்களின் சார்பில் அதிபரை முறைப்படித் தேர்ந்தெடுப்பவர்களே தேர்வாளர்கள்) கொண்டுவர முடியாதவர்கள் ஜூனில் வேட்பாளரைத் தீர்மானித்தார்கள்.

ரூஸ்வெல்ட் தரப்பு 254 இடங்களுக்கு ஆட்சேபம் எழுப்பியது. உண்மையான பிரதிநிதி யார் என்று முதலில் முடிவு செய்வது கட்சியின் தேசியக் குழு. அது பழைய நிர்வாகிகளின் குழு. டாஃப்டுக்கு 235, ரூஸ்வெல்ட்டுக்கு 19 என்று தீர்ப்பு வந்தது. தேசியக் குழு சேர்த்த பிரதிநிதிகளே மாநாட்டில் உட்கார்ந்து, தங்கள் இடம் செல்லுமா என்ற வாக்கெடுப்பிலும் கலந்துகொண்டார்கள். அவரவர் தன் சொந்த வழக்கில் வாக்களிக்கவில்லை, அடுத்தவர் வழக்கில் வாக்களித்தார். கணக்கு ஒன்றுதான்.

எல்லாம் முடிவானது முதல் நாளில், மாநாட்டுத் தலைவர் தேர்தலில். டாஃப்ட் தரப்பு நிறுத்தியது எலிஹு ரூட். ரூஸ்வெல்ட் அமைச்சரவையில் இருந்தவர், அவருக்கு மிக வேண்டியவர். எதிரே ரூஸ்வெல்ட் தரப்பு நிறுத்தியது விஸ்கான்சின் ஆளுநர் மெக்கவர்ன். லா ஃபாலெட்டின் சொந்த மாநிலக்காரரை நிறுத்தினால் அவருடைய ஆட்களும் சேர்ந்துகொள்வார்கள் என்ற கணக்கு. எங்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று லா ஃபாலெட்டின் தரப்பு மேடையிலேயே அறிவித்தது. ரூட் 558, மெக்கவர்ன் 501. அதற்குப் பிறகு ரூட்டின் சுத்தியல் எந்தப் பக்கம் விழும் என்பதில் ஐயமில்லை.

அரங்கம் எப்படி இருந்தது என்பதற்கு ஒரு சான்று: மேடையைச் சுற்றிக் கட்டியிருந்த தேசியக் கொடி வண்ணத் துணித் தோரணங்களுக்கு அடியில் முள்கம்பி சுற்றியிருந்தார்கள். கூட்டம் மேடையேறிவிடும் என்ற பயம். டாஃப்டின் ஆட்கள் நீராவிச் சாலை உருளையை ஓட்டி நசுக்குகிறார்கள் என்பது ரூஸ்வெல்ட் ஆதரவாளர்களின் புகார். ஒவ்வொரு தீர்ப்புக்கும் அவர்கள் இன்ஜின் விசில் மாதிரிக் கூவினார்கள். உப்புக் காகிதத்தை உரசி நீராவிச் சத்தம் எழுப்பினார்கள். கடைசியில் வேட்பாளர் வாக்கெடுப்பில் டாஃப்டுக்கு 561. ரூஸ்வெல்ட் ஆதரவாளர்களில் பெரும்பாலோர், 340-க்கும் மேற்பட்டோர், வந்திருந்தும் வாக்களிக்க மறுத்து உட்கார்ந்திருந்தார்கள்.

அப்படியானால் இடம் திருடப்பட்டது என்பது உண்மையா?

பாதி உண்மை. ஆட்சேபம் எழுப்பிய 254 இடங்களிலும் ரூஸ்வெல்ட்டுக்கு நியாயம் இருந்ததாகச் சொல்ல முடியாது. தொடக்கத்தில் டாஃப்ட் எண்ணிக்கையில் வெகுதூரம் முந்தியிருப்பது போன்ற தோற்றத்தைக் கலைப்பதற்காகவே தெற்கில் பல வழக்குகள் போடப்பட்டன. கலிபோர்னியா, டெக்சாஸ், வாஷிங்டன் மாநில இடங்களில் அவர் தரப்பு வாதம் வலுவானது. நேர்மையாகத் தீர்த்திருந்தால் அவருக்குச் சில டஜன் இடங்கள் கூடியிருக்கும். அதுவே அவரைக் கரை சேர்த்திருக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் டாஃப்டின் பெரும்பான்மை உடைந்து, மூன்றாவது ஆள் ஒருவர் வந்திருக்கலாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தெற்கத்திப் பிரதிநிதிகளை அரசு வேலையால் கட்டிப்போடும் கலையை டாஃப்ட் கண்டுபிடிக்கவில்லை. 1908-இல் டாஃப்டை வேட்பாளராக்கியபோது இதே இயந்திரத்தை இயக்கியவர் ரூஸ்வெல்ட்தான். அன்று அவருக்கு அது அநியாயமாகப் படவில்லை.

முற்போக்குக் கட்சி எப்படிப் பிறந்தது?

சிகாகோவிலேயே. வெளியேறிய பிரதிநிதிகள் வேறு அரங்கில் கூடினார்கள். பத்திரிகை முதலாளி ஃபிராங்க் மன்சியும், ஜே.பி. மார்கன் வங்கியில் பங்குதாரராக இருந்த ஜார்ஜ் பெர்கின்ஸும் பணப் பொறுப்பை ஏற்றார்கள். ஆகஸ்ட் தொடக்கத்தில் அதே கொலிசியத்தில் புதுக்கட்சி மாநாடு. கட்சி மாநாடா, ஜெபக்கூட்டமா என்று நிருபர்கள் திகைத்தார்கள். பக்திப் பாடல்கள் முழங்கின. ஏற்கெனவே ஜூனில் ரூஸ்வெல்ட் "நாம் அர்மகெதோனில் நிற்கிறோம், ஆண்டவருக்காகப் போரிடுகிறோம்" என்று, பைபிள் சொல்லும் இறுதிப் போர்க்களத்தின் பெயரைச் சொல்லிப் பேசியிருந்தார். கலிபோர்னியா ஆளுநர் ஹைரம் ஜான்சன் துணை அதிபர் வேட்பாளர். சமூக சேவகி ஜேன் ஆடம்ஸ் ரூஸ்வெல்ட்டின் பெயரை வழிமொழிந்தார். பெரிய தேசியக் கட்சி மாநாடு ஒன்றில் பெண் ஒருவர் அப்படி எழுந்து பேசியது அன்று பெரிய சேதி.

அறிக்கையில் இருந்தவை: பெண்களுக்கு வாக்குரிமை, செனட்டர்களை மக்களே தேர்ந்தெடுப்பது, குழந்தைத் தொழிலுக்குத் தடை, பெண் தொழிலாளர்களுக்குக் குறைந்தபட்சக் கூலி, முதுமைக்கும் நோய்க்கும் வேலையின்மைக்கும் சமூகக் காப்பீடு. கட்சி போய்ச் சேர்ந்துவிட்டாலும் இவற்றில் பல பின்னாளில் சட்டமாயின.

"உடம்பு எப்படி இருக்கிறது?" என்று கேட்ட நிருபர்களிடம் "காட்டு மூஸ் காளை மாதிரி இருக்கிறேன்" (மூஸ் என்பது வட அமெரிக்காவின் பெரிய மான்) என்று ரூஸ்வெல்ட் சொன்னதால் கட்சிக்கு 'புல் மூஸ்' என்ற செல்லப்பெயர் ஒட்டிக்கொண்டது.

அந்தக் கட்சி கறுப்பினத்தவரை எப்படி நடத்தியது?

மோசமாக. வடக்கு மாநிலங்களிலிருந்து வந்த கறுப்பினப் பிரதிநிதிகளுக்கு இடம் கொடுத்துவிட்டு, தெற்கிலிருந்து வந்தவர்களை வெளியே நிறுத்தினார்கள். தெற்கில் வெள்ளையர் வாக்கை ஈர்க்கலாம் என்பது ரூஸ்வெல்ட்டின் கணக்கு. சம உரிமை பற்றிக் கறுப்பின அறிஞர் டு போய்ஸ் எழுதிக்கொடுத்த தீர்மானத்தையும் மாநாடு சேர்க்கவில்லை. ஜேன் ஆடம்ஸ் மனம் புழுங்கியும் உடன் நின்றார். டு போய்ஸ் வில்சனை ஆதரித்தார். பதவிக்கு வந்த வில்சன் அரசு, மத்திய அலுவலகங்களில் கறுப்பின ஊழியர்களைப் பிரித்து உட்காரவைத்தது. தெற்கில் வெள்ளையர் வாக்கும் ரூஸ்வெல்ட்டுக்கு வரவில்லை. இத்தனை 'முற்போக்கு' பேசிய தேர்தலில் யாரும் பெருமைப்பட முடியாத அத்தியாயம் இது.

ஜனநாயகக் கட்சி மட்டும் ஒற்றுமையாக இருந்ததா?

எங்கே! பால்டிமோரில் அவர்கள் மாநாடு 46 சுற்று வாக்கெடுப்பு வரை இழுத்தது. முதல் சுற்றில் முன்னால் நின்றவர் பிரதிநிதிகள் சபை சபாநாயகர் சாம்ப் கிளார்க். பத்தாவது சுற்றில் அவர் பாதிக்கு மேல் வாக்கு வாங்கிவிட்டார். குடியரசுக் கட்சி விதிப்படி என்றால் அத்தோடு அவர்தான் வேட்பாளர். ஆனால் ஜனநாயகக் கட்சியில் மூன்றில் இரண்டு பங்கு தேவை. கிளார்க்கைப் பெரும்பான்மைக்குத் தள்ளியது நியூயார்க் ஜனநாயகக் கட்சியை ஆட்டிவைத்த, ஊழலுக்குப் பேர்போன டாமனி ஹால் கோஷ்டியின் வாக்கு. மூன்று முறை நின்று தோற்ற, ஆனாலும் கட்சியில் செல்வாக்கு குறையாத வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன், டாமனி ஆதரிக்கும் ஆளை ஏற்க மாட்டேன் என்று பதினான்காவது சுற்றில் வில்சன் பக்கம் போனார். பிறகு பேரம், இழுபறி, இல்லினாய் பிரதிநிதிகளின் மாற்றம். 46-ஆவது சுற்றில் வில்சன்.

இங்கேயும் பெரும்பான்மை பெற்றவர் விதியால்தான் வீழ்ந்தார். ஆனால் கிளார்க் தனிக்கட்சி தொடங்கவில்லை. எதிர்முகாம் உடைந்து கிடக்கும்போது ஜெயிக்கும் குதிரையை விட்டு இறங்க ஜனநாயகக் கட்சியில் யாருக்கும் மனம் வரவில்லை.

ரூஸ்வெல்ட்டைச் சுட்டது யார்?

நியூயார்க்கில் மதுக்கடை நடத்தியிருந்த ஜான் ஷ்ராங்க். 1912 அக்டோபர் 14, மில்வாக்கி. ஓட்டல் வாசலில் காரில் ஏறி நின்று கூட்டத்துக்குக் கை காட்டிக்கொண்டிருந்தபோது கிட்டத்தில் நின்று சுட்டான். தோட்டா மேல்கோட்டைத் துளைத்து, இரண்டாக மடித்து வைத்திருந்த ஐம்பது பக்கப் பேச்சுத் தாள்களையும் மூக்குக் கண்ணாடியின் இரும்புக் கூட்டையும் துளைத்து, வேகம் குறைந்து நெஞ்சில் தங்கியது. வேட்டைக்காரரான ரூஸ்வெல்ட் இருமிப் பார்த்தார். இரத்தம் வரவில்லை, நுரையீரல் தப்பியது என்று முடிவு செய்துகொண்டு மேடைக்கே போனார். "நான் சுடப்பட்டிருக்கிறேன் என்பது உங்களுக்குப் புரிகிறதா தெரியவில்லை, ஒரு புல் மூஸைக் கொல்ல இது போதாது" என்று ஆரம்பித்து, ஓட்டை விழுந்த தாள்களை எடுத்துக் காட்டி, ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் பேசினார். அதன் பிறகே மருத்துவமனை. தோட்டா சாகும்வரை உடம்பிலேயே இருந்தது.

மெக்கின்லியின் ஆவி கனவில் வந்து சொன்னதாகவும், மூன்றாம் முறை நிற்பவரைத் தடுக்க வேண்டியது கடமை என்றும் ஷ்ராங்க் சொன்னான். மனநல விடுதியில் அடைக்கப்பட்டு 1943-இல் அங்கேயே இறந்தான். அனுதாப அலை அடித்ததா? ரூஸ்வெல்ட் குணமாகும்வரை வில்சன் பிரசாரத்தை நிறுத்தி வைத்தார். முடிவு மாறவில்லை.

முடிவுகள் என்ன?

வாக்குப்பதிவு நவம்பர் 5. மொத்தத் தேர்வாளர் வாக்குகள் 531. வில்சனுக்கு 40 மாநிலங்கள், 435 வாக்கு. ரூஸ்வெல்ட்டுக்கு 6 மாநிலங்கள், 88 வாக்கு. டாஃப்டுக்கு யூட்டாவும் வெர்மாண்டும் மட்டும், 8 வாக்கு. பதவியில் இருந்த அதிபர் மூன்றாம் இடத்துக்குப் போனது அந்த ஒரு முறைதான்.

மக்கள் வாக்கில் கதை வேறு. வில்சன் 41.8 சதவீதம், ரூஸ்வெல்ட் 27.4, டாஃப்ட் 23.2, டெப்ஸ் 6. வில்சன் வாங்கியது சுமார் 62.9 லட்சம் வாக்கு. 1908-இல் பிரையன் தோற்றபோது வாங்கியது சுமார் 64 லட்சம்! தோற்றவரைவிடக் குறைவாக வாங்கியவர் பிரமாண்டமாக ஜெயித்தார். பெரும்பாலும் ஒரு மாநிலத்தில் முதலில் வருபவருக்கே அந்த மாநிலத்தின் எல்லாத் தேர்வாளர் வாக்கும் போவதால் வந்த விந்தை. கலிபோர்னியாவில் ரூஸ்வெல்ட் வில்சனை முந்தியது வெறும் 174 வாக்கில். தேர்வாளர்களுக்குத் தனித்தனியாக வாக்களிக்கும் முறை அங்கே இருந்ததால் 11 அவருக்கும் 2 வில்சனுக்கும் போயின.

டெப்ஸ் ஏன் இவ்வளவு வாங்கினார்?

9 லட்சத்துக்கும் மேல் வாங்கினார். சோஷலிஸ்டுகள் பல ஊர்களில் மேயர் பதவியைப் பிடித்திருந்த காலம் அது. அவருடைய துணை வேட்பாளர் எமில் சைடல், மில்வாக்கி மேயராக இருந்தவர். 1920-இல் டெப்ஸ் சிறையில் இருந்தபடியே நின்று மறுபடியும் 9 லட்சத்தைத் தாண்டினார். சதவீதத்தில் மட்டும் 1912-ஐ எட்டவில்லை.

ரூஸ்வெல்ட் நிற்காமலிருந்தால் டாஃப்ட் ஜெயித்திருப்பாரா?

இருவர் வாக்கையும் கூட்டினால் 50.6 சதவீதம் வருகிறது என்பதால் 'ஆமாம்' என்று பலர் சொல்லிவிடுகிறார்கள். கூட்டல் அவ்வளவு எளிதில்லை. ரூஸ்வெல்ட்டுக்குப் போட்டவர்களில் பலர் டாஃப்டின் மேல் இருந்த வெறுப்பில்தான் போட்டார்கள். அவர் இல்லாவிட்டால் ஒரு பகுதி வில்சனுக்கும் கொஞ்சம் டெப்ஸுக்கும் போயிருக்கும், கொஞ்சம் பேர் வீட்டிலேயே இருந்திருப்பார்கள். 1910-இலேயே காற்று டாஃப்டுக்கு எதிராக வீச ஆரம்பித்துவிட்டது. டாஃப்ட்–வில்சன் நேர்ப் போட்டியில் வில்சனுக்கே வாய்ப்பு அதிகம் என்பது என் கணிப்பு. மாறாக, சிகாகோவில் ரூஸ்வெல்ட்டுக்கு இடம் கிடைத்து, ரூஸ்வெல்ட்–வில்சன் போட்டி நடந்திருந்தால் ரூஸ்வெல்ட் ஜெயித்திருக்க நல்ல வாய்ப்பு. ஆகவே வாக்கைப் பிரித்தவர் யார் என்ற கேள்விக்கு, டாஃப்ட் என்றும் பதில் சொல்லலாம்.

தோற்பது உறுதி என்று தெரிந்தும் டாஃப்ட் ஏன் விலகவில்லை?

அவருக்கு எதிரி வில்சன் இல்லை, அதனால். மாநாடு முடிந்த பிறகு டாஃப்ட் பெரிதாகப் பிரசாரம் செய்யவே இல்லை, பதவியில் இருக்கும் அதிபர் வாக்குக் கேட்டு ஊர் சுற்றுவது அழகில்லை என்ற பழைய மரபில் ஒதுங்கியே இருந்தார். நவம்பரில் எப்படிப் போனாலும் ரூஸ்வெல்ட்டைக் கட்சியின் தலைமைக்கு வராமல் தடுத்ததே பெரிய காரியம் என்பதுதான் அவர் எண்ணம். அவரை மிகவும் கலவரப்படுத்தியது, பிப்ரவரியில் ஒஹையோவில் ரூஸ்வெல்ட் சொன்ன ஒரு யோசனை: மாநில நீதிமன்றம் ஒரு சட்டத்தைச் செல்லாது என்றால், அந்தத் தீர்ப்பையே மக்கள் வாக்கெடுப்பு மூலம் மாற்றலாம். நீதிபதியாக வாழ ஆசைப்பட்டவருக்கு இது கடவுள் நிந்தனை.

அந்தக் குறியில் டாஃப்ட் ஜெயித்தார். அதிபர் பதவி போனது. கட்சி அலுவலகமும் சின்னமும் பழைய கோஷ்டியிடம் பத்திரமாக இருந்தன. முற்போக்காளர்கள் தாங்களாகவே வெளியேறிப் போயிருந்தார்கள். 1920-களில் குடியரசுக் கட்சி முழுக்கப் பழமைவாதிகளின் கையில் இருந்ததற்கு விதை இங்கேதான் விழுந்தது.

டாஃப்டின் துணை வேட்பாளர் தேர்தலுக்கு முன்பே இறந்துவிட்டாராமே?

ஆம். துணை அதிபர் ஜேம்ஸ் ஷெர்மன் அக்டோபர் 30-இல் இறந்தார். வாக்குச் சீட்டில் பெயர் மாற்ற நேரமில்லை. அந்த 8 தேர்வாளர் வாக்கும் துணை அதிபர் பதவிக்குக் கொலம்பியா பல்கலைக்கழகத் தலைவர் நிக்கோலஸ் மரே பட்லருக்குப் போடப்பட்டன.

புதுக்கட்சி என்ன ஆனது?

நான்கு வருடம்கூடத் தாங்கவில்லை. 1914 தேர்தலில் பெரும்பாலான இடங்களில் மண்ணைக் கவ்வியது. ஒரே ஒருவரின் முகத்தை நம்பிய கட்சிக்கு, அவர் பெயர் வாக்குச் சீட்டில் இல்லாத வருடத்தில் வேறென்ன நடக்கும்? 1916-இல் மறுபடி ரூஸ்வெல்ட்டையே வேட்பாளராக அறிவித்தார்கள். அவர் மறுத்ததோடு, சமரச வேட்பாளராகப் பழமைவாதி ஹென்றி காபட் லாட்ஜின் பெயரைச் சொன்னார். தொண்டர்கள் கொதித்துப்போனார்கள். ரூஸ்வெல்ட் குடியரசுக் கட்சி வேட்பாளர் சார்ல்ஸ் எவன்ஸ் ஹியூஸை ஆதரித்தார்.

பிளவின் தழும்பு அப்போதும் ஆறவில்லை. பிரசாரத்துக்காகக் கலிபோர்னியா போன ஹியூஸ், லாங் பீச்சில் ஹைரம் ஜான்சன் தங்கியிருந்த அதே ஓட்டலுக்குப் போனார். பழைய கோஷ்டி ஆட்கள் சூழ்ந்திருந்ததால் அவர் இருப்பது தெரியாமலே, சந்திக்காமலே கிளம்பிவிட்டார். ஜான்சனின் ஆட்கள் அதை அவமானமாக எடுத்துக்கொண்டார்கள். கலிபோர்னியாவை ஹியூஸ் இழந்தது 4,000-க்கும் குறைவான வாக்கில். அந்த 13 தேர்வாளர் வாக்கு கிடைத்திருந்தால் அதிபர் அவர்தான். அதே தேர்தலில் ஜான்சன் குடியரசுக் கட்சிச் செனட்டராகச் சுளையாக ஜெயித்தார்.

டாஃப்டும் ரூஸ்வெல்ட்டும் கடைசிவரை பேசிக்கொள்ளவே இல்லையா?

பேசிக்கொண்டார்கள். 1918 மே மாதம் சிகாகோவில் பிளாக்ஸ்டோன் ஓட்டல் உணவுக் கூடத்தில் ரூஸ்வெல்ட் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருப்பது தெரிந்து டாஃப்ட் நேரே அவருடைய மேஜைக்குப் போனார். இருவரும் கட்டிக்கொண்டதும் கூடத்தில் இருந்தவர்கள் எழுந்து கைதட்டினார்கள். அடுத்த ஜனவரியில் ரூஸ்வெல்ட் இறந்தபோது டாஃப்ட் இறுதிச் சடங்குக்குப் போயிருந்தார். 1921-இல் அதிபர் ஹார்டிங், டாஃப்டைத் தலைமை நீதிபதியாக்கினார். அதிபர், தலைமை நீதிபதி என்று இரண்டு பதவியையும் வகித்தவர் அவர் ஒருவரே.

இன்றைக்கு இதே போல ஒருவர் கட்சியில் வேட்பாளர் இடம் கிடைக்காமல் தனியாக நிற்க முடியுமா?

1912 அளவுக்குச் சுலபமில்லை. கட்சியின் உள்தேர்தலில் தோற்றவர் அதே ஆண்டு பொதுத் தேர்தலில் வேறு பெயரில் நிற்பதைத் தடுக்கும் சட்டம் இன்று பெரும்பாலான மாநிலங்களில் இருக்கிறது. அதிபர் வேட்பாளருக்கு அது பொருந்துமா என்பதில் மாநிலத்துக்கு மாநிலம் சர்ச்சை உண்டு. அதோடு, வாக்குச் சீட்டில் இடம் பெற ஒவ்வொரு மாநிலத்திலும் தனித்தனியாகக் கையெழுத்து வாங்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் ஒரு கெடு. ரூஸ்வெல்ட்டுக்கே அன்று ஓக்லஹோமாவில் சீட்டில் இடம் கிடைக்கவில்லை. கலிபோர்னியாவில் நடந்தது தலைகீழ்: மாநிலக் கட்சியை ஜான்சனின் ஆட்கள் பிடித்துவைத்திருந்ததால், குடியரசுக் கட்சியின் அதிகாரபூர்வ வேட்பாளரும் நாட்டின் அதிபருமான டாஃப்டின் பெயர் அந்த மாநில வாக்குச் சீட்டிலேயே இல்லை. அவருக்குப் போட விரும்பியவர்கள் பெயரைக் கையால் எழுதிப் போட வேண்டியிருந்தது.